மின்ட் முதல் எண்ணூர் வரை: வெயிலுக்கும் தூசிக்கும் எந்த சன்ஸ்க்ரீன் தாங்கும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வட சென்னையில், எம்.சி. ரோட்டில் கடைக்கடையாக ஏறி இறங்குகிறவரானாலும் சரி, மணலியில் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் திரும்புகிறவரானாலும் சரி, காசு போடத் தகுந்தவை கொஞ்சம்தான். வாட்டர் ரெசிஸ்டன்ட் (தண்ணீர் தாங்கும்) என்று போட்ட எஸ்பிஎஃப் 50, பிஏ++++ க்ரீம் ஒன்று (இரண்டும் வெயில் கதிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டுபவை, விவரம் கீழே). ராத்திரி அதைக் கழற்ற ஒரு பேபி ஆயில், சோப்பு இல்லாத ஒரு ஃபேஸ் வாஷ். கைக்கு உறை. 'ஆன்ட்டி பொல்யூஷன்' என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கிற சீரம், மிஸ்ட், கரி ஃபேஸ் வாஷ் எல்லாவற்றுக்கும் எங்கள் மதிப்பெண் சைபர்.

பிராண்ட் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். ஒரே பெயரில் ஜெல், க்ரீம், மேட், டின்ட் என்று ஐந்தாறு டியூப் வருகிறது. போன வருஷம் உள்ளே இருந்த சரக்கு இந்த வருஷமும் அதேதானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வகையைத் தெரிந்துகொண்டு, பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கப் பழகிவிட்டால் எந்தப் பெயரையும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

வெயிலைப் பற்றி இரண்டு விஷயம். சென்னை இருப்பது 13 டிகிரி வட அட்சத்தில். சூரியன் நேர் உச்சிக்கு வருஷத்தில் இரண்டு தடவை வருகிறது: சித்திரை பிறந்து பத்து நாள் கழித்து, ஏப்ரல் 24 வாக்கில் ஒரு தடவை, ஆடி முடிந்து ஆவணி பிறக்கிற சமயம், ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு தடவை. அக்னி நட்சத்திரம் முடிந்ததும் டியூபை பீரோவுக்குள் தள்ளிவிடுகிறவர்கள் இந்த இரண்டாவதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அடுத்தது கடல்காற்று. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மதியம் காற்று திரும்பியதும் உடம்பு குளிரும்; வெயில் தணிந்துவிட்டது என்று தோன்றும். தணிந்தது சூடுதான், புற ஊதாக் கதிர் காற்றுக்குக் குறையாது. மெல்லிய மேகம்கூட அதில் 80 சதவீதம் வரை கீழே விட்டுவிடும். கடற்கரையில் காய்ந்த மணல் 15 சதவீதமும் அலை நுரை 25 சதவீதமும் கீழிருந்து மேலே திருப்பி அடிக்கும். அதனால்தான் தொப்பி போட்டும் தாடைக்கு அடியில் கறுக்கிறது.

தூசி விஷயத்துக்கு வருவோம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் கரி, அனல்மின் நிலையத்துச் சாம்பல், மணலி ஆலைப் புகை, கொடுங்கையூர் குப்பைமேடு பற்றி எரிகிற நாட்களில் வருகிற நெடி, போகியன்று காலை டயர் புகை. இந்த நுண்துகள்களோடு ஒட்டிக்கொண்டு வரும் எண்ணெய்த்தன்மையுள்ள ரசாயனங்கள் தோலின் எண்ணெய்ப் பசையில் கரைந்து உள்ளே இறங்கும். அதன்மேல் வெயில் பட்டால் சேதம் கூடுகிறது. கரியில் உள்ள சில பொருட்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி வேறு வினைகளைக் கிளப்பிவிடும். ஜெர்மனியில் பெண்களை வைத்து நடத்தி 2010ல் வெளியான ஆய்வு ஒன்றில், வண்டிப்புகைக் கரி அதிகம் உள்ள இடங்களில் வசிப்பவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் பழுப்புப் புள்ளிகள் கூடுதலாக இருந்தன. ஆக, தூசி தோலைக் கெடுக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. அதைத் தடுப்பதாக விற்கிற சரக்கில்தான் சந்தேகம். வெயிலுக்கு எஸ்பிஎஃப் என்று மனிதத் தோலில் அளந்த எண் இருக்கிறது. தூசிக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட சோதனையும் இல்லை, எண்ணும் இல்லை. இந்த டியூப் அந்த டியூபை விட எவ்வளவு தடுக்கும் என்று கேட்டால் கம்பெனிக்காரராலேயே சொல்ல முடியாது. தூசியைத் தண்ணீர்தான் எடுக்கும். தடுக்க முடிகிற வெயிலுக்குக் காசைப் போடுங்கள்.

இனி வகை வகையாக.

அக்வா ஜெல். தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ எந்த மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலும் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். தடவியதும் காணாமல் போகும், வெள்ளை படாது, பிசுபிசுப்பு இல்லை. ஏசி ஆபீசில் உட்காருகிறவர்களுக்கும் காலேஜ் போகிறவர்களுக்கும் இதுவே போதும். குறை வியர்வையில். தண்ணீர் தாங்கும் என்று பெட்டியில் போடாத ஜெல், பஸ் ஸ்டாப்பில் வியர்த்து இரண்டு தடவை கர்ச்சீப்பால் ஒற்றினாலே பாதி போய்விடும். வியர்வையோடு நெற்றியிலிருந்து வழிந்து கண்ணில் இறங்கினால் எரியும். அவோபென்சோன் மாதிரியான ரசாயன ஃபில்டர் (புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்) கலந்த எதிலும் இந்தத் தொல்லை உண்டு. கண் எரிகிறவர்கள் புருவத்துக்கு மேலேயும் கண்ணைச் சுற்றியும் மட்டும் ஜிங்க் ஆக்ஸைடு ஸ்டிக் தடவி, மற்ற இடத்துக்கு ஜெல் போட்டால் சரியாகிவிடும்.

மினரல் க்ரீம். ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு மட்டும் உள்ளது. எரிச்சல் இல்லாதது, கண்ணைக் கடிக்காது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் டாக்டர்கள் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் நம் நிறத்துக்குச் சாம்பல் பூசினது போல நிற்கும். அதற்குப் பயந்து ஒரு பட்டாணி அளவு எடுத்து இழுத்து இழுத்துத் தேய்க்கிறார்கள், பாதுகாப்பும் அதே அளவுக்கு இறங்கிப்போகிறது. வெள்ளை தெரியாத அளவுக்குத் தடவினால் அது போதாத அளவு என்று அர்த்தம்.

டின்ட் (லேசான தோல் நிறம்) போட்டது. இதைத்தான் நம் ஊரில் குறைவாகக் கேட்கிறார்கள், இதுதான் நிறைய பேருக்குத் தேவை. கன்னத்தில் மங்கு (கருந்திட்டு) உள்ளவர்களுக்கு வெயில் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைக் கூட்டுகிறது. மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் இது இன்னும் அதிகம். சாதாரண சன்ஸ்க்ரீன், எஸ்பிஎஃப் எவ்வளவு இருந்தாலும், அந்த வெளிச்சத்தைத் தடுக்காது. அயர்ன் ஆக்ஸைடு தடுக்கும். பின்பக்கம் 'அயர்ன் ஆக்ஸைட்ஸ்' என்றோ, நிறமி எண்களான 77491, 77492, 77499 என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். ஷேடு பொருந்துவதுதான் பாடு. ஒரே ஷேடில் வரும் டியூப்கள் பெரும்பாலும் கோதுமை நிறத்துக்குச் செய்தவை, கறுத்த தோலில் மஞ்சளாக அடிக்கும். தாடை ஓரத்தில் தடவிக் கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள், கடை ட்யூப் லைட்டை நம்ப வேண்டாம். ஹெல்மெட் பட்டையிலும் துப்பட்டாவிலும் ஒட்டும் என்பது கூடுதல் எரிச்சல்.

வாட்டர் ரெசிஸ்டன்ட் க்ரீம். மீன் மார்க்கெட், யார்டு வேலை, டெலிவரி, டிராஃபிக் டியூட்டி, பிளாட்பாரக் கடை என்று எதுவானாலும் வெயிலில் நிற்கிறவர்களுக்கு இதைத் தவிர வேறு கிடையாது. '40 நிமிடம்', '80 நிமிடம்' என்று போட்டிருப்பது, அவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்தாலும் அந்த எஸ்பிஎஃப் நிற்கும் என்பதற்கு. 80 போட்டதை எடுங்கள். முகத்தில் லேசாக இழுக்கும், முதல் கால் மணி நேரம் மினுமினுக்கும், அதன்பின் அடங்கும். நான்கு வகையில் முதல் இடம் இதற்கே. ஒரே நிபந்தனை, ராத்திரி ஒழுங்காகக் கழற்ற வேண்டும்.

ஸ்டிக்: காது மடல், மூக்கு, கண் ஓரம் இவற்றுக்கு நல்லது. ஒரே இடத்தில் நான்கு தடவை இழுத்தால்தான் போதுமான அளவு இறங்கும். ஸ்ப்ரே: கடல்காற்றில் பாதி பக்கத்தில் நிற்பவர் மேல் போகும், மீதி மூக்குக்குள் போகும். வேண்டாம். எஸ்பிஎஃப் போட்ட காம்பாக்ட் பவுடர்: எழுதியிருக்கும் எண் கிடைக்க முகத்தில் அப்பிக்கொள்ள வேண்டிய அளவுக்கு யாரும் பவுடர் போடுவதில்லை.

எந்த வகை வாங்கினாலும் கோட்டை விடுவது அளவில்தான். எஸ்பிஎஃப் அளப்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அது ஏறக்குறைய ஒன்றேகால் கிராம் வரும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனி வரை ஒவ்வொரு கோடு பிதுக்கினால் அந்த அளவு. வழக்கமாக எல்லோரும் போடுவது இதில் பாதிக்கும் கீழே. எஸ்பிஎஃப் 30 சரியான அளவில் போட்டால் 97 சதவீதம் தடுக்கும், 50 போட்டால் 98. வித்தியாசம் ஒரு சதவீதம்தான், ஆனால் குறைவாகப் போடுகிற நம் பழக்கத்துக்கு 50 கொஞ்சம் ஈடு கொடுக்கும். அதற்காகத்தான் 50 என்கிறோம். எஸ்பிஎஃப் சொல்வது பெரும்பாலும் தோலை வேக வைக்கிற கதிரைப் பற்றி. கறுக்கவும் சுருங்கவும் வைக்கிற யுவிஏ கதிருக்கு பிஏ பக்கத்தில் எத்தனை பிளஸ் என்று பாருங்கள். மூன்று பிளஸ் என்றால் யுவிஏ தடுப்பு எண் 8 முதல் 16க்குள், நான்கு என்றால் 16ம் அதற்கு மேலும். யுவிஏ கண்ணாடியைத் தாண்டி வரக்கூடியது. கார் பக்கவாட்டுக் கண்ணாடி ஓரம் உட்காருகிற டிரைவர்களுக்கு வலது கன்னமும் வலது கையும் கறுப்பது இதனால்தான்.

ஒன்றேகால் கிராம் கணக்குப்படி 50 கிராம் டியூப் 40 தடவைக்கு வரும். காலை ஒன்று, மதியம் ஒன்று என்றால் 20 நாள். டியூப் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு 10 ரூபாய். ஒரு டியூபை மூன்று மாதம் ஓட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் முகத்தில் சன்ஸ்க்ரீன் இல்லை என்று அர்த்தம். வாங்கும்போதே விலையை டியூபுக்குப் பார்க்காமல் கிராமுக்குப் பாருங்கள். 30 கிராம் டியூப் மலிவாகத் தெரியும், பன்னிரண்டாம் நாள் தீர்ந்துவிடும்.

போடும் முறை: முகம் கழுவி ஒற்றித் துடைத்ததும், வறண்ட தோல் என்றால் மாய்ஸ்சரைசர், அது காய ஐந்து நிமிடம். பிறகு சன்ஸ்க்ரீனை ஒரே தடவையாக அப்பாமல் இரண்டு மெல்லிய பூச்சாக. அழுத்தித் தேய்த்தாலோ கீழே போட்டது காயாமல் இருந்தாலோ திரி திரியாக உருண்டு வரும். அப்படி வந்தால் க்ரீம் மட்டம் என்று தூக்கிப் போடாதீர்கள், அவசரம்தான் காரணம். காது, கழுத்தின் பின்பக்கம், வகிடு மூன்றையும் மறக்கக் கூடாது. வெளியே கிளம்ப கால் மணி நேரம் முன்னால். வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வட சென்னைக்கு மட்டும் ஒரு சேர்க்கை: இரண்டாவது தடவை போடுமுன் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் முகத்தை ஒற்றி எடுங்கள். கரியும் உப்பும் படிந்த முகத்தின் மேல் நேராகத் தேய்த்தால் அத்தனையும் க்ரீமோடு குழைந்து மயிர்க்காலில் அடைத்துக்கொள்ளும். தாடையில் வரிசையாகக் கிளம்பும் சின்னக் கட்டிகளுக்கு இதுவும் காரணமாகலாம், பழி சன்ஸ்க்ரீன் மேல் விழுகிறது.

கழற்றுவது. வாட்டர் ரெசிஸ்டன்ட் என்றால் தண்ணீருக்கு அசையாது, பயத்தமாவுக்கும் முழுசாக அசையாது. உலர்ந்த முகத்தில் அரை டீஸ்பூன் பேபி ஆயில், அரை நிமிடம் விரல் நுனியால் சுற்றுங்கள். மூக்கு ஓரத்தில் எண்ணெய் சாம்பல் நிறமாகத் திரும்புவது தெரியும். லாரி ரோட்டில் போய் வந்த நாளில் நன்றாகவே கறுக்கும். ஈரக் கையால் இன்னொரு சுற்று, பிறகு ஃபேஸ் வாஷ். தேங்காய் எண்ணெய் வேலை செய்யும், ஆனால் பரு வருகிற முகத்துக்கு ஆகாது. குளியல் சோப்பை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். சோப்பின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 9, 10 என்ற அளவில், தோலுக்குப் பழக்கமானது 5ஐ ஒட்டி. அதோடு லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கடினமாக இருக்கும் வீடுகளில் சோப்பு சரியாக நுரைக்காமல் வெள்ளைப் படலமாகத் தோலில் தங்கிவிடும். முகம் இழுத்துப் பிடிக்கிறது என்பவர்கள் சோப்பை நிறுத்திப் பத்து நாள் பாருங்கள். 'பிஎச் 5.5' அல்லது 'சோப் ஃப்ரீ' என்று போட்டது போதும். கரி கலந்த ஃபேஸ் வாஷ் அரை நிமிடத்தில் சாக்கடைக்குப் போகிறது, அதற்குள் அது எதை உறிஞ்சும்? வால்நட் ஸ்க்ரப் அதைவிட மோசம், இருக்கிற தோலையும் கீறும்.

சீரம் வேண்டும் என்பவர்களுக்கு: வைட்டமின் சி நல்ல பொருள்தான், சன்ஸ்க்ரீனுக்குக் கீழே போட்டால் கூடுதல் துணை. ஆனால் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் சீக்கிரம் கெட்டு, டீ நிறத்துக்குப் போய்விடும். சென்னை அறைச் சூட்டில் வெளியே வைத்தால் பாட்டில் பாதி தீர்வதற்குள் பழுத்துவிடும். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் 5 சதவீத நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) வாங்குங்கள், அதற்கு இந்தச் சீக்கு இல்லை. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போவது மட்டும் கூடவே கூடாது, பட்ட இடம் பட்டையாக வெந்து கறுத்துவிடும்.

கை உறைக்கு ஏன் காசு போடச் சொல்கிறோம் என்றால் கணக்கு அப்படி. இரண்டு முன்கைக்கும் புறங்கைக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு மூன்று கிராம் சன்ஸ்க்ரீன் வேண்டும்; முகத்துக்கு ஆவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். உறை ஒரு தடவை வாங்கினால் முடிந்தது. சிக்னலில் விற்கிற உறையை வாங்குமுன் கையில் மாட்டி, இழுபட்ட நிலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தோல் தெரிந்தால் வெயிலும் உள்ளே வரும். அடர்ந்த நிறம், நெருக்கமான நெசவு, கட்டைவிரல் ஓட்டை உள்ளது, இந்த மூன்றும் இருந்தால் போதும். ஓட்டை இல்லாதது பைக் ஓட்டும்போது மேலே ஏறிப் புறங்கையைக் காட்டிக்கொடுத்துவிடும். வெளிர்நிற மெல்லிய காட்டன் துப்பட்டாவை முகத்தில் சுற்றுவது பெருந்தூசிக்கு ஓரளவு சரி, வெயிலுக்கு அரைகுறை. நனைந்தால் இன்னும் குறையும். அதற்குள்ளும் சன்ஸ்க்ரீன் வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை: தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, உடையாத சீல். வெயில் நேராக அடிக்கும் ஷோகேஸில் நிற்கிற டியூபை வேண்டாம் என்று சொல்லி உள்ளேயிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அதே காரணத்துக்காக வண்டி சீட்டுக்கு அடியிலும் டேங்க் கவரிலும் வைக்காதீர்கள். பிதுக்கும்போது முதலில் தண்ணீராக எண்ணெய் பிரிந்து வந்தால், தேதி பாக்கி இருந்தாலும் குப்பைதான்.

இதைவிட முக்கியமான ஒன்று. "அண்ணா, மூஞ்சி கறுத்துப்போச்சு, ஏதாவது நல்ல க்ரீமா குடுங்க" என்று கவுன்டரில் கேட்பவர்களுக்கு, சில இடங்களில் சன்ஸ்க்ரீன் வருவதில்லை, ஸ்டீராய்டு க்ரீம் வருகிறது. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மோமெட்டசோன் என்ற ஸ்டீராய்டுகளோ, ஹைட்ரோகுவினோன் என்ற நிறம் குறைக்கும் மருந்தோ, எது பின்பக்கம் இருந்தாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் முகத்துக்குப் போடாதீர்கள். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருவும் பூனைமுடியும் வரும், வெயிலில் நிற்கவே முடியாமல் எரியும். நிறுத்தினால் இன்னும் கிளம்பும் என்பதால் மறுபடி அதையே தேடி வாங்குவார்கள். ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் வைத்தியம் தாங்களே பார்க்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவில் காட்டுவது நல்லது. உபயோகித்த டியூபையும் கையில் எடுத்துப் போங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தச் சன்ஸ்க்ரீனும் வேண்டாம், நிழலும் மெல்லிய முழுக்கைச் சட்டையும்தான்.

வெள்ளைச் சட்டைக் காலரில் துவைத்த பிறகு துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுக் கறை தெரிகிறது என்ற புகார் நிறைய வருகிறது. அது வியர்வைக் கறை இல்லை. அவோபென்சோன் துணியில் ஏறியிருக்க, போர் தண்ணீரில் உள்ள இரும்பு அதோடு சேர்ந்து பிடித்துக்கொள்வது. சட்டை போடுமுன் கழுத்தில் தடவியது காயப் பத்து நிமிடம் விடுங்கள், காலர் உள்ள துணியை முடிந்தால் மெட்ரோ தண்ணீரில் அலசுங்கள். பிடித்துவிட்ட கறையில் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் ஆசிட் கரைசலோ ஊற்றி அரை மணி நேரம் ஊற வைத்து அலசினால் இறங்கும். ப்ளீச்சிங் பவுடர் போட்டால் இன்னும் இறுகிவிடும்.